சும்மா கிடக்கும் நிலம் சோம்பிக் கிடக்கும் நிலமா? – ‘சும்மா’ என்ற சொல்லின் பொருளும் பிறப்பும்

மேட்டுக்காட்டான், நல்லம்பள்ளி – ஞாயிறு காலை 6.40

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சொல்லுக்காக நான்கு நாட்களாகத் தூக்கம் கெட்டிருக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

நல்லம்பள்ளிக்கு மேற்கே எங்களுக்கு மூன்றரை ஏக்கர் மானாவாரி இருக்கிறது. கிணறு கிடையாது. மழை பெய்தால் நிலக்கடலை, ராகி, பின்மழைக்குக் கொள்ளு. அப்பா இந்த மார்கழியில் காலமானார். நிலத்தை மூன்று துண்டாக வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு துண்டில் எதுவும் விதைக்க மாட்டார். “கீழ்த்துண்டு இந்த வருஷம் சும்மா கிடக்கட்டும்” என்று போன ஆடியில் சொன்னார். நிலத்தைப் பற்றி அவர் எடுத்த கடைசி முடிவு அதுதான்.

போன புதன்கிழமை ஒரு கடன் மனுவுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கீழ்த்துண்டைப் பற்றிக் கேட்டார்கள். “அது சும்மா கிடக்கிறது” என்றேன். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் இப்படி எழுதியிருந்தது: “கீழ்ப்பகுதி உரிமையாளரின் அக்கறையின்மையால் செயலற்றுக் கிடக்கிறது.” அக்கறையின்மை என்று நான் சொல்லவே இல்லையே என்று கேட்டேன். “நீங்கள்தானே சும்மா கிடக்கிறது என்றீர்கள்? அதைத்தான் நல்ல தமிழில் எழுதியிருக்கிறேன்” என்றார்.

என் அப்பாவைப் போல நிலத்தின்மேல் அக்கறை வைத்த மனிதரை நான் பார்த்ததில்லை. ‘சும்மா’ என்றால் செயலற்று என்றுதான் பொருளா? அந்தச் சொல்லுக்குள் சோம்பல் இருக்கிறதா? அது எங்கிருந்து வந்தது? தமிழ்தானா? அகராதி பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கெலமங்கலத்து மகள் – ஞாயிறு காலை 7.25

அண்ணா, அப்பாவின் இழப்புக்கு என் ஆறுதல்.

அகராதி என்னிடம் இல்லை, காது இருக்கிறது. எங்கள் தெருவில் மூன்று மொழி. வீட்டில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். பாட்டி எங்களை அதட்டும்போது “ஸும்மனே இரு” என்பாள். வாயை மூடிக்கொண்டு இரு என்று பொருள். “ஏன் வந்தாய்?” என்று கேட்டால் “ஸும்மனே வந்தேன்” என்போம், காரணமில்லாமல் வந்தேன் என்று பொருள். தமிழ்ச் ‘சும்மா’வை அப்படியே எடுத்துப் போட்டதுபோல இருக்கும். பக்கத்து வீட்டுத் தெலுங்கில் மட்டும் வேறு சொல். அவர்கள் ‘ஊரிகே’ என்பார்கள்.

சோம்பேறிக்கு இரண்டு வீட்டிலும் வேறு சொல் உண்டு. கன்னடத்தில் ஸோமாரி, தெலுங்கில் ஸோமரி. பாட்டி சும்மா இருப்பவனை ஸோமாரி என்று ஒருநாளும் சொன்னதில்லை. தாத்தா மாலை வேளையில் திண்ணையில் ஸும்மனே உட்கார்ந்திருப்பார். அவரை யாராவது ஸோமாரி என்றிருந்தால் பாட்டி உலக்கையை எடுத்திருப்பாள்.

தகடூர் வாத்தியார் – ஞாயிறு காலை 9.10

தம்பி, நான் முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் காலைச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ‘சும்மா’வுக்குச் சோம்பல் என்று பொருள் இல்லை. அதற்குத் தமிழில் தனிச் சொற்கள் இருக்கின்றன, அவை பழையவை, கடுமையானவை. வள்ளுவர் அதற்கு வைத்த பெயர் ‘மடி’. 61ஆம் அதிகாரம் மடியின்மை. “மடிமடிக் கொண்டொழுகும் பேதை பிறந்த குடிமடியும் தன்னினும் முந்து” என்ற 603ஆம் குறளில் மடி மூன்று முறை வருகிறது. முதலில் சோம்பல், அடுத்து இடுப்புத் துணியின் மடி, கடைசியில் அழிவு. சோம்பலை மடியில் கட்டிக்கொண்டு திரிபவனின் குடி அவனுக்கு முன்னாலேயே மடியும். ஒரே ஒலிக்குள் நோயையும், அதை ஒளித்து வைத்த இடத்தையும், சாவையும் வைத்திருக்கிறார். இன்று நாம் அந்தச் சொல்லை இந்தப் பொருளில் பேசுவதில்லை. மலையாளத்தில் அது உயிரோடு இருக்கிறது: சோம்பலுக்கு ‘மடி’, சோம்பேறிக்கு ‘மடியன்’.

அடுத்தது ‘சோம்பு’. நம் கெலமங்கலத்துத் தங்கை சொன்ன ஸோமாரியும் ஸோமரியும் இதன் உறவுக்காரர்கள். ஆத்திசூடியில் “சோம்பித் திரியேல்” என்று வருகிறது. அதில் ‘திரியேல்’ என்பதைக் கவனியுங்கள். சோம்பல் அசையாமல் உட்கார்ந்திருக்கவில்லை, ஊரெல்லாம் திரிகிறது! கொன்றைவேந்தனிலும் “சோம்பர் என்பவர் தேம்பித் திரிவர்” என்றுதான் இருக்கிறது. சோம்பலைத் திட்ட வந்த ஔவைப் பாட்டி அசைவின்மையைத் திட்டவே இல்லை.

குறளில் ‘சும்மா’ கிடையாது. அதன் இடத்தில் இலக்கியத் தமிழ் வைத்திருந்த சொல் ‘வாளா’. “வாளாவிருந்தான்” என்று இன்றும் எழுதுகிறோம். ‘சும்மா’ பேச்சில் வாழ்ந்து பாட்டுக்குள் ஏறிய சொல். ஏறியபோது எங்கே போய் உட்கார்ந்தது தெரியுமா? 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் கந்தரனுபூதியில் முருகன் தமக்குச் சொன்ன உபதேசமாக அதை வைத்தார்: “சும்மா இரு சொல்லற என்றலுமே, அம்மா பொருளொன்றும் அறிந்திலனே.” மதயானையை வசமாக நடத்தலாம், கரடி வெம்புலி வாயையும் கட்டலாம் என்று அடுக்கிக்கொண்டே போன தாயுமானவர், “சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது” என்று முடித்தார். திறம் என்கிறார், தம்பி. சும்மா இருப்பது ஒரு திறமை, அதுவும் புலியின் வாயைக் கட்டுவதைவிட அரியது. அதைச் ‘செயலற்று’ என்று மொழிபெயர்த்தவருக்கு இரண்டு சொல்லும் தெரியவில்லை.

பிறப்பைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். வீட்டில் கூப்பிடுகிறார்கள்.

பாலக்கோட்டு இளையவன், இப்போது பெங்களூரில் – ஞாயிறு காலை 11.02

ஐயா, பிறப்பு எனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்! தொல்காப்பியம் உரியியலில் “கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்றிவை நான்கும் அரவப் பொருள” என்று இருக்கிறது. சும்மை என்றால் சத்தம், ஆரவாரம். அதோடு எதிர்மறை ‘ஆ’ சேர்ந்தால் சும்மா, சத்தம் இல்லாமல். வாரா, செல்லா என்பது போல. அமைதி என்ற பொருளும் சரியாகப் பொருந்துகிறது. இரண்டாயிரம் வருஷத்துப் பழைய சொல்லைத்தான் நாம் தினமும் நூறு முறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சந்தூர் மருமகள் – ஞாயிறு காலை 11.30

எங்கள் மாமியார் வேறு விளக்கம் சொல்வார். சுமை இல்லாமல் இருப்பதுதான் சும்மா. தலையில் சுமை ஏற்றும்முன் துணியைச் சுருட்டி வைப்போமே, அது சும்மாடு. சுமையை இறக்கிவைத்துச் சும்மாட்டை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்போம். அந்த நிமிஷம்தான் சும்மா என்பார். தவறாக இருக்கலாம், எனக்குப் பிடித்த விளக்கம் அது.

தகடூர் வாத்தியார் – ஞாயிறு மதியம் 1.45

இருவருக்கும் நன்றி. இரண்டையும் மறுக்கப் போகிறேன், ஆனால் அன்போடுதான்.

இளையவரே, நூற்பா சரி, சும்மைக்கு ஒலி என்ற பொருளும் சரி. ஆனால் வாரா, செல்லா, உண்ணா என்று எதிர்மறை ‘ஆ’ ஒட்டுவது வினையடியோடு. சும்மை பெயர்ச்சொல். கம்பலையோடு அதை ஒட்டிக் கம்பலா என்று நம்மால் சொல்ல முடியுமா? சும்மையோடும் அப்படித்தான்.

சந்தூர் தங்கைக்கு: சும்மாடு சுமையோடு பிறந்த சொல்தான், ஐயமில்லை. ஆனால் ‘சும’ என்ற வினை ‘நட’ போன்றது. நடவா, நடவாத என்பது போலச் சுமவா, சுமவாத என்றுதான் எதிர்மறை வரும். சும்மா என்று வராது. ஆனாலும் உங்கள் மாமியார் சொன்னதை மறக்க வேண்டாம். சொல் எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி, அதைச் சொல்லும் வாய்க்கு அது என்னவாக இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. சுமையை இறக்கிய அந்த ஒரு நிமிஷத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று ஒரு பெண் நினைத்திருக்கிறாள். அதை இலக்கணம் கொண்டு அழிக்க நான் யார்?

தமிழ்தானா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆம், தமிழும் அதன் உடன்பிறந்த மொழிகளும் சேர்ந்து வைத்திருக்கும் சொல். மலையாளத்தில் சும்மா, கன்னடத்தில் ஸும்மனே. நம் சகரம் கன்னடத்தில் ஸகரமாக நிற்பது வழக்கமான ஒப்புமை. நாம் சுடு என்பதை அவர்கள் ஸுடு என்பார்கள், நம் சுற்று அங்கே ஸுத்து, நம் சாவு அங்கே ஸாவு. அந்த வரிசையில் சும்மாவும் ஸும்மனேயும் பிசகில்லாமல் வந்து நிற்கின்றன. ஒரு மொழி மற்றதிடம் நேற்று வாங்கிய கடன் அல்ல இது.

என் சொந்தக் கருத்து ஒன்று உண்டு. வாயை மூடிப் பாருங்கள். ‘ம்’ என்ற ஒலிதான் மிஞ்சுகிறது. சும்மா, கம்மென்று, உம்மென்று: பேச்சை நிறுத்தச் சொல்லும் சொற்களில் எல்லாம் உதடு இரண்டும் ஒட்டி ஒரு கணம் நிற்கிறது. சும்மா என்று சொல்லும்போது நாமும் நடுவில் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போகிறோம். அந்த இரட்டை மகரத்தில்தான் இந்தச் சொல்லின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பாலக்கோட்டு இளையவன் – ஞாயிறு மதியம் 2.20

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் அந்த நூற்பாவில் இன்னொன்று என்னை விடவில்லை. அழுங்கல் என்றால் ஒலி என்கிறார் தொல்காப்பியர். அகப்பாட்டில் ‘செலவழுங்குதல்’ என்றால் பொருள்தேடப் புறப்பட்ட தலைவன் பயணத்தை நிறுத்திக்கொள்வது. ஒரே சொல் ஆரவாரத்துக்கும் நின்றுபோவதற்கும்!

தகடூர் வாத்தியார் – ஞாயிறு மதியம் 2.50

நல்ல கண். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘அசை’ என்றால் இன்று நமக்கு இயக்கம். குறள் 1040: “இலமென்று அசைஇ இருப்பாரைக் காணின் நிலமென்னும் நல்லாள் நகும்.” இங்கே ‘அசைஇ இருப்பார்’ என்றால் ஓய்ந்து மடிந்து கிடப்பவர். இன்று சோம்பேறியை “அசையாமல் இருக்கிறான்” என்று திட்டுகிறோம். வள்ளுவர் “அசைந்து இருக்கிறான்” என்று திட்டினார். ஊக்கமுடையவனை “அசைவிலா ஊக்கம் உடையான்” என்று 594இல் புகழ்ந்தார். இயக்கத்துக்கும் ஓய்வுக்கும் நடுவில் கோடு கிழித்து வைக்க நம் மொழி அவசரப்படவே இல்லை.

ஓசூர் பஸ் பயணி – ஞாயிறு மாலை 4.05

‘சும்மா’வை இரண்டு முறை சொன்னால் என்ன ஆகிறது பாருங்கள். “சும்மா சும்மா வருகிறான்” என்றால் ஓயாமல் வருகிறான்! “ஐந்நூறு ரூபாய் என்றால் சும்மாவா?” என்றால் பெரிய தொகை. “சும்மா கொடுத்தான்” என்றால் காசு வாங்காமல். “சும்மா சொன்னேன்” என்றால் மனதில் ஒன்றும் இல்லை. “சும்மா விடமாட்டேன்” என்றால் சண்டை. இத்தனை வேலை செய்யும் சொல்லைச் செயலற்றது என்று எப்படிச் சொல்வது?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு – ஞாயிறு மாலை 6.30

எல்லோரும் சொல்லை ஆராதிக்கிறீர்கள். என் மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்கிறேன், யாரும் வருந்த வேண்டாம்.

எங்கள் ஊரைச் சுற்றி எத்தனை நிலம் ‘சும்மா’ கிடக்கிறது தெரியுமா? ஆழ்துளைக் கிணறு வற்றிச் சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்குப் பனியன் வேலைக்கும் போய்விட்டதால் சும்மா கிடக்கிறது. பங்காளிச் சண்டையில் சும்மா கிடக்கிறது. சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் நிலத்தையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். அருணகிரிநாதரின் சும்மாவைக் கொண்டுபோய் அந்த முள்காட்டில் நட முடியுமா? இந்தச் சொல் மென்மையானது. அதனால்தான் நம் இழப்பை அது மூடி வைத்துவிடுகிறது. “தரிசாகிவிட்டது” என்றால் நெஞ்சில் தைக்கும். “சும்மா கிடக்கிறது” என்றால் தைக்காது.

வாத்தியார் 1040ஐச் சொன்னார், அதற்கு முந்தின குறளை விட்டுவிட்டார். “செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து இல்லாளின் ஊடி விடும்.” நிலத்துக்குப் போகாமல் உரியவன் இருந்துவிட்டால் நிலம் மனைவியைப் போலப் பிணங்கும். ‘இருப்பின்’ என்கிறார். சும்மா இருப்பதைத்தானே அவர் சொல்கிறார்?

நம் தகடூர் மண்ணின் ஔவையாரும் அப்படித்தான். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனபோது, அவனுடைய ஆயுதக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது புறநானூறு 95. உன் வேல்கள் மயில்தோகை அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மிக்க மனையில் இருக்கின்றன. என் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. பயன்படாமல் அழகாகக் கிடப்பதைப் பற்றி இதைவிடக் கூர்மையாக யாரும் சொன்னதில்லை. மேட்டுக்காட்டுத் தம்பி, உங்கள் அப்பாவைக் குறை சொல்லவில்லை. சொல்லை மட்டும் நம்பிவிட வேண்டாம் என்கிறேன்.

மல்பெரி வீடு, பென்னாகரம் – ஞாயிறு இரவு 8.15

காவேரிப்பட்டணத்து அண்ணன் சொன்னது உண்மைதான். எங்கள் பக்கமும் அப்படிப்பட்ட நிலங்கள் இருக்கின்றன. ஆனால் இன்னொரு வகைச் சும்மாவையும் நான் தினமும் பார்க்கிறேன்.

நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். கூடு கட்டும் வரை புழு நான்கு முறை தோலுரிக்கும். அதற்குமுன் இரவும் பகலும் இலையைக் கடிக்கும் சத்தம் மழைத்தூறல் போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். திடீரென்று சத்தம் நின்றுவிடும். அத்தனை புழுவும் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். ஏறக்குறைய ஒருநாள். இலை போடக் கூடாது, தொடக் கூடாது, காற்றோட்டம் வேண்டும், படுக்கை ஈரமாகாமல் சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும். புதிதாகப் புழு வளர்க்க வந்தவர்கள் பயந்துபோய் இலையை அள்ளிப் போடுவார்கள். போட்ட இலை வாடிப் படுக்கை கெட்டு நோய் வந்துவிடும். என் மாமனார் எனக்கு முதல் முதலாகச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: “புழு சும்மா இருக்கும்போது நீயும் சும்மா இரு.”

அந்த ஒருநாளில் நான் மனைக்குள் எத்தனை முறை போய்ப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது. வேலை ஒன்றும் இல்லை. ஆனால் பார்க்காமல் இருக்க முடியாது. கடைசிப் புழுவும் தோலை விட்டு வெளியே வந்தபிறகுதான் அடுத்த இலை.

மேட்டுக்காட்டான் – ஞாயிறு இரவு 9.50

நாள் முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன். பென்னாகரத்து அக்கா எழுதியதைப் படித்தபோது அழுதுவிட்டேன்.

காவேரிப்பட்டணத்து அண்ணா, கோபம் இல்லை. நீங்கள் எடுத்த குறளைத்தான் இரவு முழுவதும் படிக்கப் போகிறேன். ஏனென்றால் அதில் ‘செல்லான்’ என்று இருக்கிறது. விதைக்காமல் இருந்தால் என்று வள்ளுவர் சொல்லவில்லை, போகாமல் இருந்தால் என்கிறார். என் அப்பா போனார். சும்மா விட்ட துண்டுக்கும் விடியற்காலையில் போனார். கரையில் உடைப்பு இருந்தால் ஒரு கூடை மண் வெட்டிப் போடுவார். கருவேலங்கன்று முளைத்திருந்தால் வேரோடு பிடுங்குவார். அறுவடை முடிந்த மாசியில் ஆட்டுக்காரரை வரச்சொல்லி அந்தத் துண்டில் பத்து இரவு பட்டி போடச் சொல்வார். மற்ற ஊர்களில் கிடை என்பார்கள். பிறகு சித்திரையில் ஒரு மழை கிடைத்தால் கோடை உழவு ஒன்று. அவ்வளவுதான். ஆடி வந்தால் அந்தத் துண்டில்தான் முதலில் விதைப்பார், கடலை அங்கேதான் நன்றாக இறங்கும்.

ஒருமுறை கேட்டேன், ஏன் அப்பா ஒரு துண்டை வீணாக்குகிறீர்கள் என்று. “உனக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கு அனுப்பினேனா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

உங்கள் ஊரின் முள்காட்டுக்கு வேறு சொல் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே யாரும் போவதில்லை. அதைச் சும்மா கிடக்கிறது என்று நாம் சொல்வது தவறு. கைவிட்டுக் கிடக்கிறது என்று சொல்ல வேண்டும்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு – ஞாயிறு இரவு 10.20

தம்பி, ‘செல்லான்’ என்ற சொல்லை நான் இத்தனை வருஷம் வாசித்தும் கவனிக்கவில்லை. உங்கள் அப்பா கிழவன் என்ற சொல்லுக்கு உரியவர்தான். நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முள்காட்டைப் பற்றிய பாதி அப்படியே நிற்கட்டும்.

அடங்கல் எழுதியவன், ஊத்தங்கரை – திங்கள் காலை 5.55

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சொல்லாராய்ச்சி எனக்குத் தெரியாது, காகிதம் தெரியும்.

தம்பி, அந்தக் காகிதத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். நிலப் பயன்பாட்டுக் கணக்கில் அக்கறையின்மை என்று ஓர் இனமே கிடையாது. நடப்பு ஆண்டில் மட்டும் பயிரிடாமல் விட்டது ‘நடப்புத் தரிசு’. ஓர் ஆண்டுக்கு மேல் ஐந்து ஆண்டு வரை விட்டது ‘இதர தரிசு’. ஐந்தாண்டையும் தாண்டினால்தான் பயிரிடத்தக்க பாழ்நிலம் என்ற கணக்கில் போகும். மூன்றுக்கும் வெவ்வேறு பத்தி. பசலி என்பது வருவாய்க் கணக்கு ஆண்டு, ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். கீழ்த்துண்டில் கடைசியாக என்ன பயிர், எப்போது அறுத்தீர்கள்?

மேட்டுக்காட்டான் – திங்கள் காலை 6.10

நிலக்கடலை ஐயா. அதற்கு முந்தின ஆடியில் விதைத்துக் கார்த்திகையில் பிடுங்கினோம். போன ஆடியில் இருந்துதான் சும்மா விட்டிருக்கிறது.

அடங்கல் எழுதியவன், ஊத்தங்கரை – திங்கள் காலை 6.18

அப்படியானால் போன பசலியில் பயிர் இருக்கிறது. இந்தப் பசலியில் மட்டும் இல்லை. நடப்புத் தரிசு, சந்தேகமே இல்லை. இரண்டு பசலிக்கும் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு) பிரதி வாங்கி மனுவோடு இணையுங்கள். போன பசலியின் பத்தியில் நிலக்கடலை என்று இருக்கும். அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

கெலமங்கலத்து மகள் – திங்கள் காலை 7.00

நடப்புத் தரிசு என்ற பெயர் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. நடப்பு, கிடப்பு இரண்டும் ஒரே அச்சில் வார்த்த சொற்கள். ஒரு மனுவை ‘கிடப்பில்’ போட்டால் அதன் கதை முடிந்தது. உங்கள் அப்பாவின் நிலம் கிடக்கிறது, ஆனால் நடப்பில் இருக்கிறது.

தகடூர் வாத்தியார் – திங்கள் காலை 8.30

நேற்று இரவு காவேரிப்பட்டணத்து நண்பரின் புறநானூறு 95ஐப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எடுத்த பாட்டுக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் அதே ஔவையாரிடமே இருக்கிறது, அதே அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றியே இருக்கிறது. புறநானூறு 315.

நெருப்புக் கடையும் கோல் ஒன்று, ஞெலிகோல் என்று பெயர். அதை வீட்டுக் கூரையின் தாழ்ந்த விளிம்பில் செருகி வைத்திருப்பார்கள். யார் கண்ணிலும் படாது. கீழே நடமாடுகிறவர்களுக்கு அது வெறும் குச்சி. “இல்லிறைச் செரீஇய ஞெலிகோல் போலத் தோன்றாது இருக்கவும் வல்லன்” என்று அதியமானைப் பாடுகிறார். வேண்டியபோது அந்தக் கோலில் பிறக்கும் நெருப்பைப் போலத் “தோன்றவும் வல்லன்”.

‘இருக்கவும் வல்லன்’ என்ற இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போது பிள்ளைகள் நெருப்பைத்தான் கேட்பார்கள். நான் குச்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன். தொண்டைமானின் வேல் மாலை சூடிக்கொண்டு எல்லோர் கண்ணிலும் படுமாறு கிடந்தது. அதியமானின் கோல் மாலை இல்லாமல், யாருக்கும் தெரியாமல், ஆனால் ஈரம் படாத இடமாகப் பார்த்துச் செருகி வைக்கப்பட்டிருந்தது. இரண்டும் அசையாமல் கிடந்தவைதான். ஒன்றைக் கேலி செய்தவரும் மற்றதைப் புகழ்ந்தவரும் ஒரே பெண்.

நம் ஊரில் இருந்து, நம் தலைவனைப் பற்றிப் பாடியது இது. தம்பி, உங்கள் அப்பா இந்தப் பாட்டைப் படித்திருக்க மாட்டார். கீழ்த்துண்டை அவர் அந்தக் கோலைப் போலத்தான் செருகி வைத்தார்.

சந்தூர் மருமகள் – திங்கள் காலை 8.55

மாமியாருக்கு இதைப் படித்துக் காட்டினேன். “சும்மாட்டை எறியாமல் தலையிலேயே வைத்திருப்பது அடுத்த சுமைக்காகத்தான்” என்றார்.

மேட்டுக்காட்டான் – திங்கள் காலை 9.20

தாலுகா அலுவலகம் போகப் பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஊத்தங்கரை ஐயா சொன்னபடி புது மனு எழுதிவிட்டேன். கீழ்த்துண்டைப் பற்றிய வரி இது:

“மேற்படி நிலத்தின் கீழ்ப்பகுதி இந்தப் பசலியில் நடப்புத் தரிசு. சென்ற பசலியில் நிலக்கடலை சாகுபடி செய்யப்பட்டது. மண் தேறுவதற்காக என் தந்தை விட்டு வைத்தது. வரும் ஆடியில் விதைக்கப்படும்.”

ஒரு சந்தேகம், வாத்தியார் ஐயா. அப்பா சொன்ன ‘சும்மா’ இதில் வரவே இல்லை. அரசாங்க மனுவில் அந்தச் சொல்லை எழுதலாமா?

தகடூர் வாத்தியார் – திங்கள் காலை 9.24

எழுதுங்கள். ‘விட்டு வைத்தது’ என்பதற்கு முன்னால் இடம் இருக்கிறது. பஸ் வருவதற்குள் எழுதிவிடுங்கள்.